இன்னொரு தடவை விடுங்க

"விட்ராதீங்கப்பா... விட்ராதீங்க!"

விட்டு ஒரு நிமிஷம் ஆச்சு. அவளுக்குத்தான் தெரியாது.

வாடிப்பட்டி பக்கம், மாமனார் தோட்டத்து மோட்டார் தொட்டி. தண்ணீர் மகளுக்கு நெஞ்சளவு. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டு, மாமனார் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியது. டியூப்பை அவர் நம்புவதில்லை. "அது வழுக்கிட்டுப் போயிரும் மாப்பிள்ளை."

முதல் மூன்று நாள் நீச்சலே இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விடுவது மட்டும். யார் குமிழி பெரிது என்று அக்காவுக்கும் தம்பிக்கும் பந்தயம். சின்னவன் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

என்னைச் சித்தப்பா கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் பழக்கினார். நீச்சல் வந்தது, சரி. ஆனால் இன்றும் கிணற்றை எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும். அதை எதற்கு இவளுக்குக் கொடுக்க?

வரும் வழியில் பெரியாறு கால்வாய் கரை முட்ட ஓடுகிறது. பேரணையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். சரிவெல்லாம் பாசி, இறங்கினால் ஏறப் பிடிமானம் கிடையாது. தொட்டி நீச்சல் அங்கே செல்லாது என்று இரண்டு பேரிடமும் சொல்லி வைத்தேன்.

மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது எங்கே கத்த? அதனால் செல்போன் செருப்போடு வரப்பில் கிடக்கிறது. நான் கை எட்டும் தூரத்தில்.

திரும்பியவள் என் இரண்டு கையும் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டாள். அந்தக் கணமே முங்கினாள். தூக்கினேன். இருமினாள், மூக்கைச் சிந்தினாள்.

"இன்னொரு தடவை விடுங்கப்பா."