எழுத்துக்கு எழுத்து

கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்தின் சுய உதவி மையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். வக்கீல் வைக்க வசதியில்லாமல் தாங்களே வழக்கை நடத்திக்கொள்பவர்கள் வருகிற இடம் அது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ், விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது என்று நாள் முழுக்க இரண்டு தரப்புச் சண்டைதான். அதற்கு நடுவில் எதிர்த்தரப்பே இல்லாத ஒரு மனுவும் வரும். தன் கடைசிப் பெயரை மாற்றிக்கொள்ள விரும்பும் ஒருவர், கையில் ஒரு ஃபைலோடு தனியாக வந்து உட்காருவார்.

முதல் சில மாதங்கள் நான் செய்தது சுலபமான வேலை. பெயர் மாற்றம் என்று சொன்னதுமே என்.சி.-100 மனு, அதன் இணைப்பான என்.சி.-110, விசாரணை நாளைக் குறித்து ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்லும் உத்தரவான என்.சி.-120, கடைசி ஆணையான என்.சி.-130 என்று ஒரு படிவக் கட்டை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அது தவறு என்று புரியவைத்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லாவற்றையும் அழகாக நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். கட்டணம் 435 டாலர் (சில கவுண்ட்டிகளில் 450). அதற்காக நாலு மாதம் சேர்த்து வைத்ததாகச் சொன்னார். கையெழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "எந்தப் பெயருக்கு மாறுகிறீர்கள்?" என்று சும்மா கேட்டேன்.

"என் அப்பாவின் பெயருக்கு. விவாகரத்து ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது மாற்றத் தோன்றவில்லை."

விவாகரத்து கலிஃபோர்னியாவில்தான் நடந்ததா என்று கேட்டேன். ஆமாம், இதே கட்டடத்தில் என்றார். அப்படியென்றால் அவருக்குப் புது வழக்கே தேவையில்லை. பழைய விவாகரத்து வழக்கிலேயே எஃப்.எல்.-395 என்ற படிவத்தைக் கொடுத்தால் முந்தைய பெயரைத் திரும்பப் பெறலாம். எத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாம். பத்திரிகை அறிவிப்பு கிடையாது, அந்த 435 டாலரும் கிடையாது. இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கோ, இதற்கு முன்னால் இப்படி எத்தனை பேருக்குக் கேட்காமலே அந்தக் கட்டை நீட்டியிருப்பேன் என்ற நினைப்பு. அன்றிலிருந்து படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் கதையைக் கேட்க ஆரம்பித்தேன்.

கதை கேட்பது அங்கே லேசான காரியமில்லை. நாங்கள் சட்டத் தகவல் சொல்லலாம், சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. எந்தப் படிவம், எங்கே கொடுப்பது, அடுத்து என்ன நடக்கும் என்பதெல்லாம் தகவல். மனு போடலாமா, காரணத்தை எப்படி எழுதினால் நீதிபதிக்குப் பிடிக்கும் என்பது ஆலோசனை. எல்லோரும் கேட்பது இரண்டாவதைத்தான். என்.சி.-110-ல் பெயரை ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். விட்டுப்போன அப்பாவின் பெயரைச் சுமக்க முடியாதவர், வளர்த்தவரின் பெயரைப் போட்டுக்கொள்ள ஆசைப்படுபவர் என்று ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாகச் சொல்ல இருக்கும். போதுமான காரணமா என்று என் முகத்தையே பார்ப்பார்கள்.

நான் சொல்லக்கூடியது ஒன்று இருந்தது. ஏமாற்றும் நோக்கமில்லாமல் ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொள்ளும் பழைய பொதுச் சட்ட (எழுதிய சட்டமாக இல்லாமல் தீர்ப்புகள் வழியே வந்த) உரிமையை நீதிமன்ற நடைமுறை ரத்து செய்யவில்லை என்று கலிஃபோர்னியாவின் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிமன்றம் தருவது மற்ற அலுவலகங்கள் ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆவணம். சிறையில் இருப்பவர்கள் போன்ற சிலருக்குத் தனி விதிகள் உண்டு. மற்றவர்கள் தங்கள் காரணத்தை இரண்டு வரியில் உள்ளபடி எழுதினாலே போதும், அதற்கு மேல் அந்தக் கட்டம் கேட்பதில்லை என்பேன். தோள் இறங்குவது தெரியும்.

இன்னொரு நாள் நம் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். பாஸ்போர்ட்டில் அவருக்குக் கடைசிப் பெயரே இல்லை. விசாவில் அவருடைய ஒரே பெயர் கடைசிப் பெயராகிவிட்டது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே ஏறிவிட்டது. "கிளினிக்கில் எஃப்னு, எஃப்னு என்று கூப்பிடுகிறாங்கம்மா. நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பேன்" என்றார். குடியுரிமை விண்ணப்பம் போட்டாயிற்றா ஐயா என்று கேட்டேன். அடுத்த மாதம் போடுவதாகச் சொன்னார். அந்த விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம், நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவில் அதற்கான உத்தரவும் தருவார்கள், ஆனால் குடிவரவுத் துறையே நடத்தும் விழாவில் அது கிடைக்காது என்று விளக்கினேன். இரண்டு வழியையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். எது வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வேலையில் என்னை இன்னும் உறுத்துவது ஒரு விடுபட்ட எழுத்து.

மனுவைப் பதிவு செய்ததும் என்.சி.-120-ல் விசாரணைத் தேதி விழும். பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் தள்ளி. அந்த உத்தரவை ஒரு செய்தித்தாளில் வாரம் ஒருமுறை என்று நாலு வாரம் வெளியிட வேண்டும். பழைய பெயர், புதுப் பெயர், விசாரணை நாள் எல்லாம் அச்சில் வரும். கட்டண விலக்கு கிடைத்தவர்கள்கூட இந்தச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டிவரும். பத்திரிகைக்குப் பத்திரிகை விலை நிறைய வேறுபடும். அதனால் நாலைந்து இடத்தில் விசாரிக்கச் சொல்லுவேன். யாராவது ஆட்சேபிப்பதானால் விசாரணைக்கு இரண்டு நீதிமன்ற நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் விசாரணை இல்லாமலே நீதிபதி கையெழுத்திடலாம்.

ஓர் இளைஞர். நீளமான பெயர். வரிசை வாசல்வரை நின்ற ஒரு மதியம் அவருடைய தாள்களைப் புரட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். என்.சி.-120-ல் அவருடைய பழைய பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அது அப்படியே அச்சேறி நாலு வாரமும் வந்துவிட்டது. பத்திரிகையில் வந்த பெயரும் மனுவிலுள்ள பெயரும் ஒன்றில்லை என்று நீதிபதி கவனித்தார். திருத்தி மறுபடி வெளியிடச் சொல்லிப் புதுத் தேதி கொடுத்தார். மறுபடி நாலு வாரம், மறுபடி பத்திரிகைச் செலவு. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எழுதியது தான்தானே என்றார். ஆனால் பார்க்க வேண்டியது நான். அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு வந்த ஒவ்வொருவரையும் இரண்டு பெயர்களையும் எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

சில மாதம் கழித்து அந்த இளைஞர் கையெழுத்தான ஆணையோடு வந்தார். சான்றிட்ட நகல் எத்தனை வாங்குவது என்று கேட்டார். முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகம், அது பதிவில் ஏறிய பிறகு ஓட்டுநர் உரிமம், அப்புறம் பாஸ்போர்ட், வங்கி என்று வரிசையைச் சொன்னேன். சிலர் நகலைத் திருப்பித் தர நாளாகும் என்பதால் ஒன்று மட்டும் வாங்கினால் இழுபறியாகும் என்றும் சொன்னேன். மூன்று வாங்கினார். கவுன்ட்டரை விட்டு நகராமல் ஒரு நகலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க ஒருமுறை படிங்க. நான் பார்த்துக்கிட்டே வர்றேன்."

நான் படித்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் விரல் நகர்ந்தது.