பெண்டிங்க் கையெழுத்துப் போட்ட பத்தாம் பத்தி

ஜூலை 3

இன்னும் ஒரு வாரத்தில் வேலூர் மக்கான் சந்திப்பு நினைவுத்தூணுக்கு மாலை விழும். 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தைப் பற்றிச் சிப்பாய்கள் பக்கமிருந்தே எல்லாரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். இந்தக் குறிப்புகள் அந்த விடியலில் பதவி ஆட்டம் கண்ட ஆளுநரைப் பற்றியவை. வில்லியம் பெண்டிங்க், உடன்கட்டையை ஒழித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் வருவாரே, அவரேதான். அதற்கு முன்பு அவர் சென்னை ஆளுநராக இருந்ததும், வேலூர் அவரை ஊருக்கு அனுப்பிவைத்ததும் அந்த வரியில் இருக்காது.

1774-இல் பிறந்தவர், போர்ட்லண்ட் கோமகனின் இரண்டாவது மகன். 1803 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் பொறுப்பேற்றபோது 29 முடியவில்லை. இன்றைக்கு ஆளுநராக 35 வயது நிறைந்திருக்க வேண்டும். அன்றைக்கு அப்பா பெரிய இடமாக இருந்தால் போதும்.

ஜூலை 4

தலைப்பாகை. சிப்பாய்களுக்கு 1805 நவம்பரில் வந்த புது மாதிரியில் மூன்று சங்கதி: தொப்பியைப் போன்ற வடிவம், முன்னால் தோல் வில்லை, பஞ்சால் ஆன ஒரு கொத்து. சிலர் குஞ்சம் என்று எழுதுவது அந்த வில்லையைத்தான்.

வினை தோலில் இருந்தது. மாட்டுத்தோலோ என்று இந்துவுக்குச் சந்தேகம், பன்றித்தோலோ என்று முஸ்லிமுக்குச் சந்தேகம். வடிவமோ இருவருக்கும் ஒரே சேதி சொன்னது. தொப்பி என்றால் வெள்ளைக்காரன். தொப்பி ஏறினால் அடுத்தது ஞானஸ்நானம். இரண்டு மதத்துக்காரரையும் ஒரே நாளில் புண்படுத்த இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

ஜூலை 5

தலைப்பாகையைவிட முக்கியமானது இது. தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், சிதறிக்கிடந்த படை விதிகளை ஒரே தொகுப்பாக்கினார். அதில் பதினொன்றாம் பிரிவு, பத்தாம் பத்தி: சீருடையில் இருக்கும்போது சாதியைக் காட்டும் குறி முகத்தில் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, அணிவகுப்பிலும் பணியிலும் முகவாய் மழித்திருக்க வேண்டும், மேலுதட்டு முடி அளவிலும் அமைப்பிலும் முடிந்தவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மீசையை அளவெடுத்த விதி! 1806 மார்ச்சில் அரசு ஒப்புதலோடு அது வெளிவந்தது. இருக்கும் விதிகளின் தொகுப்பு என்று சொல்லித் தந்தார்கள், புதிய பத்தியை யாரும் எடுத்துக்காட்டவில்லை என்பது பெண்டிங்க் பின்னால் சொன்ன சமாதானம். பொய்யாக இருக்காது. தடித்த கட்டாக வரும் கோப்பில் மேல் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது எந்தக் காலத்து அலுவலகத்திலும் நடப்பதுதான். ஆனால் கையெழுத்து அவருடையது.

ஜூலை 7

மே மாதம் வேலூரிலேயே முதல் மறுப்பு வந்தது. நான்காம் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியன் சிப்பாய்கள் தலைப்பாகையை வாங்க மாட்டோம் என்றார்கள். 21 பேர் மீது விசாரணை. இருவருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி. மற்ற 19 பேருக்கு 500. மன்னிப்புக் கேட்டதால் அது தள்ளுபடியானது. மன்னிப்பு வந்ததும் விஷயம் முடிந்தது என்று மேலிடம் எடுத்துக்கொண்டது.

ஜூனில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் சதியைத் தன் மேலதிகாரியிடம் சொன்னார். அதை விசாரிக்கும் வேலை இந்திய அதிகாரிகளிடமே போனது. சதியில் இருந்தவர்களே விசாரித்தால் என்ன ஆகும்? ஆளை அடைத்து வைத்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் தலைப்பாகை உத்தரவை வாபஸ் வாங்குவதா என்ற கேள்வி ஆளுநர் சபைக்கே வந்தது. வாங்கவில்லை. கலகத்துக்கு அப்போது ஒரு வாரம் கூட இல்லை.

ஜூலை 10

பின்னிரவு 2 மணிக்குமேல் சுடத் தொடங்கினார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார், குதிரை இழுக்கும் கேலப்பர் பீரங்கி கோட்டை வாசலை உடைத்தது, முற்பகலுக்குள் முடிந்தது. மீதியை இன்று தூணருகே யாராவது சொல்வார்கள்.

சென்னையில் அடுத்து நடந்ததுதான் நமக்கு வேண்டும். ஜூலை 17-ஆம் தேதி உத்தரவு ரத்து. தொடக்கத்தில் முடியாதென்றது, ஏழு நாளில் முடிந்துவிட்டது.

ஜூலை 12

ஆளுநரை அன்று நீக்குவது குடியரசுத் தலைவரின் ஒரு வரி உத்தரவல்ல. கடிதம் கப்பலேறி ஆப்பிரிக்காவைச் சுற்றி லண்டன் போக வேண்டும், கம்பெனி இயக்குநர்கள் கூட வேண்டும், பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். கலகம் 1806 ஜூலை. திரும்ப அழைக்கும் முடிவு 1807 ஏப்ரல். பெண்டிங்க் சென்னையை விட்டது செப்டம்பர். பதினான்கு மாதம் கலகத்துக்குப் பின்னும் அதே நாற்காலி. கிரடாக்கையும் திரும்ப அழைத்தார்கள்.

பின்னால் அந்த நாற்காலிக்கு வந்த ஜார்ஜ் பார்லோவுக்கு 1809-இல் வெள்ளை அதிகாரிகளே கலகம் செய்தார்கள். அவரும் திரும்ப அழைக்கப்பட்டார். சென்னை அந்தக் காலத்தில் ராசியான பதவி இல்லை போலிருக்கிறது.

ஜூலை 13

1809-இல் பெண்டிங்க் தன் தரப்பை நீண்ட முறையீடாக எழுதினார். நிரபராதி என்ற சொல்லை இயக்குநர்களிடமிருந்து வாங்கவே எழுதியது அது. 1828-இல் கல்கத்தாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார். 1829 டிசம்பரில் உடன்கட்டைத் தடை, 1835-இல் ஆங்கிலக் கல்வி.

இந்தப் பட்டியலில் பலர் விட்டுவிடும் உத்தரவு ஒன்று உண்டு. 1835-இல், பதவி முடியும் தறுவாயில், இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடித் தண்டனையை அவர் ஒழித்தார். வேலூர்க் கசையடிக்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆசையாக இருக்கிறது, போடாமல் விடுகிறேன். பத்து வருடத்தில், கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் காலத்தில், கசை திரும்ப வந்துவிட்டது.