செவலையோடு வேலூரில் வாடகை வீடு

எனக்கு வேலை வேலூருக்கு மாறியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நாட்டு நாய்தானே, ஆரணியிலயே யார்கிட்டயாவது விட்டுட்டுப் போ." வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் சோறு போட்டு வளர்த்த உயிரைத் தெருவில் விட எனக்கும் அம்மாவுக்கும் மனசு வராது. எங்கள் நாய் செவலைக்கும் சேர்த்துத்தான் வீடு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

வேலூரில் எந்தப் பக்கம் தேடுகிறோம் என்பதே பாதி வேலை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிமாநில நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் கணக்கில், வார கணக்கில் அறை விடுகிறார்கள். அங்கே நாய்க்கு இடமில்லை. காட்பாடியில் வி.ஐ.டி. பக்கம் போனால் மாணவர்களுக்கு ஆள் கணக்கில் விடவே விரும்புகிறார்கள். குடும்பத்துக்கான வீடுகள் சத்துவாச்சாரி, பாகாயம், விருதம்பட்டு, காந்தி நகர் என்று தள்ளித்தான் கிடைக்கின்றன. அந்தப் பகுதிகளில் கேட்டில் தொங்கும் டு-லெட் போர்டுகளைப் பார்த்து நேரடியாகப் பேசியதுதான் எங்களுக்குப் பலன் தந்தது.

புரோக்கர் ஒருவர், "நாய் இருக்குன்னு இப்ப சொல்லாதீங்க மேடம், குடி போனப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. குடி போன பிறகு காலி செய்யச் சொன்னால் வயதான அம்மாவையும் நாயையும் வைத்துக்கொண்டு எங்கே போவது? முதல் போனிலேயே சொல்லிவிடுவேன்: நாட்டு நாய், பெண், கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசி அட்டை கையில் இருக்கிறது. நிறைய பேர் அதோடு போனை வைத்தார்கள். வைக்காதவர்களிடம் மட்டும் நேரில் போய்ப் பேசினோம்.

பேசப் பேச ஒன்று புரிந்தது. "நாய் வேணாம்" என்று எல்லோரும் சொன்னாலும் ஒவ்வொருவர் பயம் ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்குக் கீழ் போர்ஷன் குழந்தைகளைக் கடித்துவிடுமோ என்ற கவலை. இன்னொருவருக்கு ராத்திரி குரைப்பு. பூஜை அறைப் பக்கம் வந்துவிடும் என்று ஒரு பாட்டி தயங்கினார். முன்பு குடியிருந்தவர்கள் மாடியை நாய்க்குக் கழிப்பிடமாக விட்டுவிட்டுப் போன கதையை ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எது அவர்கள் பயம் என்று தெரிந்துகொள்ளாமல் "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வதில் பிரயோஜனமே இல்லை.

சத்துவாச்சாரியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு ஓனர் சம்மதித்துவிட்டார், குடியிருப்போர் சங்கம் தடுத்தது. இங்கே சட்ட நிலையைச் சொல்ல வேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் சங்கம் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. லிப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் தன் வீட்டை யாருக்கு விடுவது என்பது ஓனர் விருப்பம். அந்த வழிகாட்டுதலை அச்செடுத்துக்கொண்டு போய்ச் செயலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சரிம்மா, வாங்க, ஆனா மத்தவங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் சொல்ல முடியாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த வீட்டை வேண்டாம் என்று விட்டேன். நான் ஆபீஸ் போன பிறகு படிக்கட்டில் அம்மாவையும் செவலையையும் முறைக்கிற மனிதர்களுக்கு நடுவே எந்தக் காகிதமும் துணைக்கு வராது.

கிடைத்த வீடு விருதம்பட்டில், பாலாற்றுக்குப் பக்கத்துத் தெருவில். கீழே நாங்கள், மாடியில் ஓனர் அம்மா; ஓய்வு பெற்ற டீச்சர். "இன்னா நாயிம்மா, பெரிசா?" என்று கேட்டதும் செவலையின் போட்டோவைக் காட்டினேன். உடனே சரி என்று சொல்லவில்லை. அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள், அதுதான் கவலை. "நாளைக்குக் கூட்டியாரேன், நீங்களே பாருங்கம்மா" என்றேன். வெறிநோய் ஊசி வருடா வருடம் போட்ட பதிவுள்ள அட்டையையும் எடுத்துப் போனோம். அதில் பாதி ஊசி ஜூலை 6 முகாமில் போட்டது. உலக விலங்குவழி நோய்கள் தினமான அன்று அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். நாய் வைத்திருக்கும் எல்லோரும் தவறாமல் போய் வாருங்கள். செவலை வாசலில் படுத்துத் தூங்கிவிட்டாள். ஓனர் அம்மா அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

பேசியதை எல்லாம் அக்ரிமென்டில் எழுதச் சொன்னது நான்தான். மாடிப்படியில் நாய் ஏறக் கூடாது. வெளியே எப்போதும் கயிற்றில்தான். வடகம், வத்தல் காயும் மொட்டை மாடிக்கு அறவே வரக் கூடாது. கதவு, கொசுவலை கிழிந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம். எங்களுக்காக ஒரு வரி: ஒப்பந்தக் காலத்துக்குள் நாயைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்வதென்றால் இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தனியாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் முடியாது. நாய் இருப்பதால் கூடுதலாகக் கேட்டால் இதைத் தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள். எங்களிடம் மூன்று மாதம்தான் வாங்கினார்கள்.

வீடு பார்க்கும்போது கூரையை அவசியம் பாருங்கள். வேலூர் வெயில் கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும். வாடகை குறைவு என்று ஷீட் போட்ட மாடி வீட்டுக்குப் போனால் பகல் முழுவதும் உள்ளே இருக்கும் பிராணிதான் வேகும். கீழ்த்தளம், சிமென்ட் தரை, பின்பக்கம் கொஞ்சம் நிழல் என்பதற்காகவே இந்த வீட்டுக்கு ஆசைப்பட்டேன். தார் ரோடு கொதிக்கும் நேரத்தில் வெளியே கூட்டிப்போகக் கூடாது. விடிவதற்கு முன்னும் இருட்டிய பிறகும்தான் எங்கள் நடை.

சாமான் ஏற்றிய டாடா ஏஸில் செவலை படுக்கும் பழைய சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவந்தோம். அவள் வாசம் அதில் இருந்ததால் புது வீட்டில் அதன் மேல்தான் படுத்தாள். முதல் சில ராத்திரிகள் ஊளையிட்டாள். அதற்கு முன்பே அக்கம்பக்கம் போய், "கொஞ்ச நாள் சத்தம் இருக்கும், பொறுத்துக்குங்க அக்கா" என்று அம்மா சொல்லி வைத்திருந்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை. தெருநாய்கள்தான் எளிதில் விடவில்லை. அவர்கள் எல்லைக்குள் புதிதாக ஒருத்தி வந்தால் விரட்டத்தானே செய்வார்கள்? கயிறைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில், ஒரே வழியில் தினமும் நடந்தோம். மெல்ல மெல்ல குரைப்பு குறைந்தது.

ஓனர் அம்மாவின் மகளுக்குப் பிரசவம் முடிந்து குழந்தை வந்த மாதங்களில் செவலையை முன்வாசலுக்கே விடாமல் பின்பக்கமாகக் கூட்டிப்போனோம். ஒப்பந்தத்தில் அது இல்லை. என் அம்மா தானாகச் செய்தது. பதினோரு மாதம் முடிந்ததும் ஓனர் அம்மா அதே நிபந்தனைகளோடு புதுப்பித்துக் கொடுத்தார்.