மாஸ்டர்ஸுக்குப் பேண்டஸி அணி அமைப்போர் கவனத்திற்கு

ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டிக்குப் பேண்டஸி அணி (விலை வரம்புக்குள் உண்மையான வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் ஆட்டத்திற்கேற்பப் புள்ளி பெறும் கற்பனை அணி) அமைப்பவர்கள், அங்கே முதன்முறையாக ஆடுபவர்களைத் தவிர்ப்பது நல்லது. 1979இல் ஃபஸி ஸெல்லர் வென்ற பிறகு 2025 வரை எந்த அறிமுக வீரரும் அங்கு பட்டம் வென்றதில்லை.

போட்டியில் ஆடுவோர் எண்ணிக்கை குறைவு. முதல் 50 இடத்தவரும் அவர்களோடு சமநிலையில் இருப்பவர்களும் கடைசி இரு சுற்றுகளுக்குத் தகுதி பெறுவதால், இந்தத் தகுதி வரம்பை (‘கட்’) தாண்டுவார் என்பதற்காக மட்டுமே ஒருவரைச் சேர்ப்பதில் பெரிய இலாபமில்லை. பர்டி (ஒரு குழியை அதன் ‘பார்’ எனப்படும் நிர்ணய அடி எண்ணிக்கையைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது) புள்ளிகள் பெரும்பாலும் 2, 8, 13, 15 ஆகிய நான்கு பார்-5 (ஐந்து அடிகள் நிர்ணயிக்கப்பட்ட) குழிகளிலிருந்தே வரும். அவற்றுள் 13ஆம் குழி 2023இல் 545 கெஜமாக நீட்டிக்கப்பட்டதால், தொலைவாக அடிப்பவர்களுக்கே முன்னுரிமை தருவேன்.

2022, 2024 ஆண்டுகளில் வென்ற ஸ்காட்டி ஷெஃப்லர் விலை கூடியவர்தான் என்றாலும், சிக்கனத்தை மற்ற இடங்களில் பார்த்துக்கொள்ளலாம்.