நிலவொளியில் இரும்புச் சிலை: மூன்றாவது முயற்சி

நேற்றிரவு பதினொன்றரை மணிக்கு ஒருவழியாக நான் மையில் வரையும் சிலை இரும்பாகத் தெரிந்தது. இரண்டு மாதமாக அது கரிக்கட்டையாகவே வந்துகொண்டிருந்தது.

பார்த்து வரைவது கோனன் என்ற வாள்வீரனின் கறுப்பு வெள்ளை காமிக்ஸான 'சேவேஜ் சோர்ட் ஆஃப் கோனன்' நான்காம் இதழ், 1975. ராய் தாமஸ் எழுத்து, பென்சிலில் வரைந்தவர் ஜான் பூசேமா, அதன்மேல் மை தீட்டியவர் அல்ஃபிரடோ அல்காலா. மூலக்கதை ராபர்ட் ஹோவர்ட் 1934இல் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் எழுதியது: ஆளில்லாத தீவு, இடிந்த மண்டபம், நிலவு பட்டதும் உயிர்பெறும் கரிய சிலைகள். பள்ளி நாளில் வாள்வீச்சு வரும் பக்கங்களுக்காகத்தான் இதைப் படித்தேன். இப்போது ஒரே கட்டத்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

சிக்கல் இதுதான். சிலை கறுப்பு, இரவும் கறுப்பு, கையில் இருப்பதோ கறுப்பு மை மட்டும். வண்ண இதழ் என்றால் ஒரு நீலத்தைப் பூசித் தப்பித்துவிடலாம். அல்காலா கோடுகளின் இடைவெளியை வைத்தே நிலவொளியைக் கொண்டுவருகிறார். முதல் இரண்டு முறையும் அச்சில் உள்ள அதே அளவில் வரைந்தேன். நான்காவது குறுக்குக் கோட்டிலேயே இடைவெளி அடைந்துபோனது. மையைக் குறை சொன்னேன், தாளைக் குறை சொன்னேன். தவறு அளவில் இருந்தது. அந்தக் காலத்தில் பெரிதாக வரைந்து, சுருக்கித்தான் அச்சிட்டார்கள். இந்த முறை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸ் மேல் வைத்து எடுத்தேன். கோடுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

அடுத்தது திசை. தோளிலிருந்து முழங்கை வரை கோடுகள் வளையல் அடுக்கியதுபோல் கையைச் சுற்றி வளைய வேண்டும். நேராக இழுத்தால் கை பலகையாகிவிடுகிறது. மணிக்கட்டைத் திருப்பாமல் தாளைத் திருப்பினேன். ஒவ்வொரு கோடும் என்னை நோக்கியே வந்தது. முதல் அடுக்கு முழுக்கக் காயாமல் இரண்டாவதைத் தொடக்கூடாது. இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் தொட்ட இடது தொடையில் நிப் தாளின் நாரைக் கிளப்பி ஒரு புள்ளி விழுந்தது. அதை வெள்ளை மையால் மூடவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். விளிம்பில் நூலளவு வெள்ளையை விட்டதும் சிலை இருட்டிலிருந்து பிரிந்து நின்றது. அந்த நூலளவுக்குத்தான் இரண்டு மாதம்.

தன் பென்சில் கோடுகளை அல்காலாவின் இந்த நுணுக்க வேலை மூடிவிடுகிறது என்று பூசேமாவுக்கு வருத்தம் இருந்தது. பூசேமா வரையும் உடல்களில் இருக்கும் ஓட்டம் எனக்கும் உயிர்தான். ஆனாலும் இந்தக் கதையில் நான் அல்காலா பக்கம். பிலிப்பைன்ஸ்காரரான அவர், மார்வெல் நிறுவனம் கோனனைக் காமிக்ஸாகக் கொண்டுவருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1963இல், 'வோல்டார்' என்ற வாள்வீரனை வரைந்தவர். வாளும் மந்திரமும் கலந்த உலகம் அவருக்குப் புதிதில்லை.

நிப் விஷயம் சொல்லியாக வேண்டும். கடைசியாக வாங்கிய பத்தில் நான்கின் முனை பிளந்திருந்தது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். இனி அங்கே வாங்கப்போவதில்லை. வேறோர் ஊரிலிருந்து தருவிக்கிறேன்; விலை கூடுதல், ஆனால் ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி வருகிறது.

இதற்குள் மனம் அடுத்ததற்குப் போய்விட்டது. பேரி ஸ்மித் வரைந்த இன்னொரு கோனன் கதை, 'ரெட் நெயில்ஸ்'. அவர் கோடு வேறு சாதி. மெல்லியது, நகைவேலை போன்றது. அதற்கு இன்னும் வளைந்து கொடுக்கும் நிப் வேண்டும், இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தப் பக்கத்தில் பின்னணிச் சுவர் முழுக்க பாக்கி. அதில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை.