குரல் ஓய்வு

மார்ச் 4, செவ்வாய்

நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றுடன் வரச் சொல்லியிருக்கிறார்கள். இடப்பக்கக் குரல் நாணில் மிளகளவு ஒரு கட்டி. மருத்துவர் அதைத் திரையில் காட்டினார். ஐம்பது ஆண்டுகளாக எனக்குச் சோறு போட்ட உறுப்பை இன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்: வெளிறிய இரண்டு சிறு மடிப்புகள், அவ்வளவுதான். ஆண்கள் பேசும்போது அவை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் மோதிக்கொள்கின்றன என்றார். பேருந்தில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். மேடையில் ஒரு மணி நேரம் பேசிப் பாடினால் குறைந்தது 3,60,000 தடவை.

மார்ச் 5, புதன்

பங்குனி, சித்திரைக்குத் தேதி கொடுத்திருந்த ஊர்களுக்கெல்லாம் வர இயலாது என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் அவர் என் கோமாளி வேடத்துக்கு வேறு பபூனைப் பேசி முடித்துவிட்டார். ஸ்பெஷல் நாடகத்தின் வலிமையே அதுதான். நாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஒத்திகை என்பதே கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் பபூன் தனியாக வந்து கூட்டத்தைக் கட்டிப்போட்டு நிறுத்திய பிறகுதான் கதை தொடங்கும், வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்து விடியும். எவர் இல்லாவிட்டாலும் நாடகம் நிற்காது என்று இளைஞர்களிடம் பெருமையோடு சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை. ஆனால் பத்து நிமிடம் என்பது மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் நின்று பாடிப் பார்த்தேன். உச்சத்தில் வரும் மேல் சட்ஜமம் நிற்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஏழு நாட்கள் வாய் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாதாம், அதுவும் நாண்களை வருத்தும் என்று செவிலியர் இரண்டு முறை சொன்னார். வெட்டியெடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பேத்தி தன் சிலேட்டைக் கொடுத்திருக்கிறாள். நான் எழுதுவதை அவள் உரக்கப் படித்து வீட்டில் உள்ளவர்களுக்கு அறிவிக்கிறாள். "தண்ணீர் வேண்டுமாம்" என்று என் சொல் அவள் குரலில் சமையலறைக்குப் போகிறது.

மார்ச் 9, ஞாயிறு

அவள் படிப்பதைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் திரையரங்கு நினைவுக்கு வருகிறது. என் முதல் படம். தலையாரி வேடம், ஐந்து நாள் வேலை. அதுவரை சிறுவர் வேடமான பாலபார்ட்டாகவும், பபூனாகவும், நாரதராகவும், திருவிழா மேடைகளில் பலகுரல் கலைஞனாகவும், ஆள் கிடைக்காத ஓர் இரவில் ஸ்திரீபார்ட்டாகவும் நின்றவன் நான். எந்த வேடத்திலும் குரல்தான் முதலில் மேடைக்குப் போகும், உடம்பு அதன் பின்னால் போகும். படம் வெளியான அன்று மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன். தலையாரி வாயைத் திறந்தான்; யாரோ ஒருவர் பேசினார். என் உதடுகள், என் கழுத்து நரம்பு, நான் விட்ட மூச்சு, எல்லாம் இருந்தன. குரல் மட்டும் இல்லை. மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல்பதிவுக்கு என்னை அழைக்க மறந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பின் பூசாரி, வெட்டியான், ஊர்ப் பெரியவர், நோயாளித் தகப்பன் என்று நாற்பது படங்களுக்கு மேல் நடித்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நானே பேசினேன், குணச்சித்திர நடிகர் என்று சுவரொட்டியிலும் போட்டார்கள். இருந்தும் அந்த ஒரு நாள் ஆறவில்லை.

மார்ச் 10, திங்கள்

முடிவு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இரவு முழுவதும் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு. 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபா தொடங்கி, பாடவும் பேசவும் கற்றுக்கொடுத்தவர். ஒரே இரவில் ஒரு நாடகம் முழுவதையும் எழுதி முடித்தவர். இன்றும் நாங்கள் மேடையேறுமுன் அவரை வணங்கித்தான் ஏறுகிறோம், பாடுவதும் பெரும்பாலும் அவர் பாட்டுகளைத்தான். அப்பேர்ப்பட்டவர் பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்து 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் இறந்தார். தான் சொல் கொடுத்த பிள்ளைகள் பேசுகிறார்கள் என்ற நிறைவு அந்த நாட்களில் அவருக்கு இருந்திருக்குமா, அல்லது அதுவே கூடுதல் துயரமாக இருந்திருக்குமா? சிலேட்டில் எழுதி யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசிப் பாய் வரைக்கும் கேட்க வேண்டுமென்று சுருதியை ஐந்து கட்டைக்கு மேல் உயர்த்தி வைத்துப் பாடியவர்கள் அந்தக் கால நடிகர்கள். அவர்களில் பெரும் பாடகரான எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபோது வயது 27தான். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

ஆர்மோனியக்கார அண்ணன் பெட்டியோடு வந்தார். முப்பது ஆண்டுகளாக என் மூச்சுக்குப் பின்பாட்டுப் பாடியவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடக்கையால் துருத்தியை அசைத்து, என்மேல் இரக்கப்பட்டவராக மூன்று கட்டையில் சுருதியைப் பிடித்தார். நான் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். அவர் சற்றுநேரம் என் விரல்களையே பார்த்தார். பிறகு வெள்ளைக் கட்டையைத் தாண்டி விரலை நகர்த்தி ஐந்தில் வைத்தார். பபூன் வரவுப் பாட்டை அடிமுதல் நுனிவரை வாசித்தார். ஒவ்வோர் அடியிலும் நான் மூச்செடுக்கும் இடத்தில் அவர் நிறுத்திக் காத்திருந்தார். நானும் அங்கேதான் மூச்செடுத்தேன். போகும்போது, "தம்பி, பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

பங்குனி பிறக்கிறது. இன்றிரவு நான் நிற்க வேண்டிய மேடையில் வேறொருவர் நிற்பார். நன்றாகச் செய்யட்டும். மனதார எழுதுகிறேன்.

நாளையிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் மெதுவாகப் பேசலாம் என்று மருத்துவர் அனுமதித்திருக்கிறார், பாடக் கூடாது. பரிசோதனை முடிவு திங்களன்றுதான் கிடைக்கும்.

மார்ச் 15, சனி

பேத்தியின் பெயரைச் சொன்னேன். அடித்தொண்டையில் மணல் உரசியது போல வந்தது. அவள் சிலேட்டைத் திருப்பித் தரவா என்று கேட்டாள். மீதி நான்கு நிமிடங்களைச் செலவழிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மகன் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். பெட்டியின் மேல் துணியைப் போர்த்திவிட்டு