அங்கே ஓடுகிறது, இங்கே நடக்கிறது

சென்ற ஆண்டு நீர்மூழ்கி மோட்டார் ஒன்றின் பயன்பாட்டுக் கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் ‘ட்ரை ரன் புரொடெக்‌ஷன்’ என்றொரு தலைப்பு இருந்தது. 2021 ஜனவரி 2 அன்று கொரோனா தடுப்பூசிக்காக நாடு முழுவதும் நடந்த ‘ட்ரை ரன்’னைச் செய்தித்தாள்கள் ‘ஒத்திகை’ என்று எழுதியது நினைவில் இருந்ததால், சற்றும் தயங்காமல் ‘ஒத்திகைப் பாதுகாப்பு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சான பிரதியைப் படித்த மெக்கானிக் ஒருவர், “மோட்டார் என்ன நாடகமா போடுது, சார்?” என்று கேட்டார். ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் இறங்கிய பின்னும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருப்பதற்குத்தான் அவர்கள் தொழிலில் ட்ரை ரன் என்று பெயர். பம்பின் சுழல்தண்டைத் தாங்கும் புஷ்களுக்கு வழவழப்பைத் தருவதும் மோட்டாரின் சூட்டைத் தணிப்பதும் அந்தத் தண்ணீரே என்பதால், அது இல்லாமல் ஓடினால் புஷ் தேயும், மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும்.

அன்றிலிருந்து ‘ரன்’ என்ற இந்தச் சிறிய சொல்லின் மீது எனக்கு ஒரு கண். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்தது ‘செட்’ என்ற வினைச்சொல். அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள். அடுத்த பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்களுடன் அதை முந்திவிட்டது. அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லுக்காகவே பல மாதங்கள் உழைத்திருக்கிறார்.

நம் ‘ஓடு’ம் சளைத்ததன்று. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. மனக்கவலையில் நமக்கு ஒன்றும் ஓடுவதில்லை. ஆனால் ஆங்கிலம் ஓடுகிற எல்லா இடங்களிலும் தமிழ் ஓடுவதில்லை. அவர்களுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். துவைத்த துணியில் அவர்களுக்குச் சாயம் ஓடும், நமக்குச் சாயம் போகும். எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு வணிகத்தில் இருக்கிறது. கடையோ பள்ளியோ நிறுவனமோ, ஆங்கிலேயர் அதை ‘ரன்’ செய்கிறார்கள். நாமோ நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். நம் பேச்சில் கடையை ஓட்டுவதும் உண்டு. ஆனால், “ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்” என்று ஒரு கடைக்காரர் சொன்னால், வியாபாரம் கையைக் கடிக்காமல் நாளைக் கடத்துவதே பெரும்பாடு என்று பொருள். ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து ‘அவர் இரண்டு கடைகளை ஓட்டுகிறார்’ என்று எழுதினால், செல்வந்தர் ஒருவரை ஒரே சொல்லில் நொடித்தவராக்கிவிடுவோம்.

தேர்தலில் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் அதிபர் பதவிக்கு ஒருவர் ஓடுகிறார். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு நிற்பதே பழைய வழக்கு. “எங்கள் தொகுதியில் யார் நிற்கிறார்?” என்று கேட்கும் நாமும் பிரிட்டன் பக்கம்தான். வங்கியின் மீதான ‘ரன்’ வேறு வகை. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் வைப்பாளர்கள் பணத்தை மீட்க மணிக்கணக்கில் வரிசையில் நின்றதற்கும் அந்தப் பெயரே. அங்கே கால்கள் ஓடவில்லை, நம்பிக்கைதான் ஓடிப்போயிருந்தது. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கைக்கு வராததால், ‘பணத்தை எடுக்க மக்கள் முண்டியடித்தனர்’ என்று விரித்தே எழுதுகிறேன்.

கிரிக்கெட்டில் தமிழ்நாட்டு நாளிதழ்கள் ‘ரன்’ என்றே விட்டுவிட, இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதும் மட்டையாளர் நின்ற இடத்திலேயே நான்கு ஓட்டங்கள் பெறுவதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

கையேட்டின் மறுபதிப்பில் ‘தண்ணீரின்றி ஓடுவதைத் தடுக்கும் பாதுகாப்பு’ என்று திருத்திக் கொடுத்தேன். அதே மெக்கானிக் படித்துப் பார்த்தார். “சரிதான் சார், ஆனா ட்ரை ரன்னுன்னே போட்டிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்குமே” என்றார்.